ஆடி மாதத்தில் கேட்ட மேளச் சத்தம்

போன வருடம் ஆடிப்பெருக்கு கழிந்த வாரம், விசாகப்பட்டினத்தில் நடந்தது இது. அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு உத்திரமேரூரில்.

நாள், கிழமை, திதி பார்ப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. ஜோசியத்துக்காக இல்லை. ஒரு சங்கதி எப்போது நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்கு அது முழுதாகத் தெரிந்த மாதிரியே இருக்காது. எங்கள் ஊர்க் கோயில் சுவரில் தொடங்கி, கல்வெட்டுகளில் எப்படிக் காலம் குறித்தார்கள் என்று கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்திருந்தேன். இந்தப் பழக்கம் கடைசியில் பகுதிநேர வேலைக்கும் உதவியது.

வேலை தேடி நான் பட்ட பாடு தனிக் கதை. வீட்டிலிருந்தே டைப்பிங் செய்யலாம் என்று போனில் வரும் விளம்பரங்கள் எல்லாம் முதலில் நம்மிடம்தான் பணம் கேட்டன. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் கேட்டால், கடை மூடும்வரை இருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை இருந்தால் எனக்கு ஊருக்குப் பஸ் கிடையாது. அப்போதுதான் வகுப்புத் தோழி ஒருத்தி, பெருநகரிலிருந்து வருபவள், அவள் போய்க்கொண்டிருந்த கேட்டரிங் வேலைக்கு என்னையும் அழைத்துப் போனாள். கல்யாணப் பந்தியில் பரிமாற வேண்டும். முகூர்த்த நாளில் மட்டும்தான் வேலை. காலை டிபன் பந்தியை முடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போய் உட்கார்ந்த நாட்கள் உண்டு. எங்கள் பெஞ்சில் மட்டும் சாம்பார் வாசம் அடிக்கும்.

கேட்டரிங் நடத்திய அக்கா, முந்தின நாள்தான் போனில் தகவல் அனுப்புவார். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. தினசரி காலண்டரில் வருடத்தின் முகூர்த்த நாட்களையெல்லாம் பார்த்து, கல்லூரித் தேர்வு நாட்களோடு ஒப்பிட்டு, யார் எந்த நாளில் வர முடியும் என்று பருவத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். அதன் பிறகு எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பே என்னிடம் வந்தது.

சுற்றுலா யோசனையும் இதே காலண்டரில்தான் பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மண்டபம் காலி, வேன் காலி, லாட்ஜும் காலி. காலியாகக் கிடந்தால் விலை இறங்கத்தானே வேண்டும்? எங்களுக்கும் அந்த மாதத்தில் வேலை இருக்காது. ஆகவே சம்பாதிப்பது மற்ற மாதங்களில், ஊர் சுற்றுவது ஆடியில். முதல் உள்தேர்வு முடிந்து கல்லூரியில் தந்த சில நாள் விடுமுறையும் சரியாக அங்கே வந்து விழுந்தது. ரயிலுக்கு முன்பதிவு திறந்த காலையிலேயே டிக்கெட் எடுத்தேன். விசாகப்பட்டினத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நல்ல லாட்ஜ் ஒன்று பாதி விலைக்கு அறை தருவதாக ஒரு செயலியில் போட்டிருந்தது. பிடித்துப் போட்டேன். இரண்டு நாள் அங்கே, பிறகு மலை ரயிலில் அரக்குப் பள்ளத்தாக்கு.

நாங்கள் மூன்று பேர். நான், பெருநகர்த் தோழி, காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால் மொழிக் கவலையும் இல்லை.

இது எனக்கு வெறும் சுற்றுலாவும் இல்லை. மேல்படிப்புக்கு ஐதராபாத் போக வேண்டும் என்று நான் வீட்டில் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அவ்வளவு தூரம் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அம்மா. மினி பஸ் ஓட்டும் நைனா, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். சுற்றுலாப் பேச்சு வந்தபோதுதான் ஒரு வழி சொன்னார்.

"நீயே பிளான் பண்ணு. நீயே இட்டுக்கினு போ. ஒரு பேஜாரும் இல்லாம திரும்பி வந்துட்டின்னா, ஐதராபாத்தப் பத்தி அப்பறம் பேசலாம்."

அம்மா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார். தினமும் பொழுது சாய்வதற்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். வீடியோவில் கூப்பிட்டு அறையையும், உள்ளே தாழ்ப்பாள் இருப்பதையும் காட்ட வேண்டும்.

காலையில் போய் இறங்கினோம். அறை மதியத்துக்கு மேல்தான் என்பதால் பையோடு கடற்கரைக்குப் போனோம். கரையில் நிறுத்தி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைந்து பார்த்தோம். வெயில் ஏறியதும் லாட்ஜைத் தேடிப் போனால், வாசலில் வாழைமரம்.

"இன்னாடி இது, ஆடியில வாழமரம் கட்டிக்கினு கீறாங்க?" என்றாள் பெருநகர்த் தோழி.

காதுகுத்தாக இருக்கும் என்றேன். அத்தனை உறுதி எனக்கு.

லாட்ஜின் கீழ்த்தளம் கல்யாண மண்டபம். மேலே அறைகள். மேனேஜர் எங்கள் பதிவைப் போனில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கல்யாண வீட்டார் எல்லா அறையையும் எடுத்துக்கொண்டார்களாம். தள்ளுபடியில் பதிந்ததையெல்லாம் ரத்து செய்துவிட்டார்களாம். பணம் திரும்பி வந்துவிடும் என்றார். நெசவுக் குடும்பத்துத் தோழி தெலுங்கில் சண்டைக்குப் போனாள். அவர் கோபப்படுவதற்குப் பதில், இந்தத் தெலுங்கை எந்த ஊரில் வாங்கினாய் அம்மா என்று சிரித்தார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்த லாட்ஜுகளில் ஏறி இறங்கினோம். ஒன்று நிறைந்திருந்தது. இன்னொன்றில் பெண்கள் மட்டும் என்றதும் இல்லை என்றார்கள். மற்றவற்றில் சொன்ன வாடகைக்கு எங்கள் மொத்தச் செலவுப் பணமும் பத்தாது. போகிற வழியெல்லாம் தோரணம், பந்தல், கார்களில் பூ. திரும்பி வந்து முதல் லாட்ஜின் படியில் பையை வைத்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நமக்கு மாதம் சூரியனை வைத்து. தெலுங்கர்களுக்குச் சந்திரனை வைத்து. அமாவாசைக்கு மறுநாள் அவர்களுக்குப் புது மாதம் பிறந்துவிடும். நம் ஆடியைப் போல அவர்கள் கல்யாணம் தவிர்ப்பது ஆஷாடத்தில். அது ஆடி அமாவாசையோடு முடிந்துவிட்டது. பிறந்திருப்பது சிராவணம், அவர்களுக்கு நல்ல மாதம். பல நாள் காத்துக் கிடந்த கல்யாணங்களெல்லாம் இப்போது நடக்கின்றன. கல்வெட்டுப் புத்தகங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்த விஷயம் இது. லாட்ஜுக்குப் பணம் கட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

இதை நான் விளக்கி முடித்ததும் பெருநகர்த் தோழி கும்பிட்டாள். "நல்லா சொன்ன. இத்த ரயில் ஏறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா வூட்லயே படுத்துக்கினு இருந்திருப்போம்."

சாயங்கால ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி ஊர் திரும்பலாம். திரும்பினால் ஐதராபாத் பேச்சு அத்தோடு சரி. பொழுது சாய்வதற்குள் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த படியிலிருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடம் தெரிந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சொல்லக்கூடாது, நின்றிருந்தது. இலை போட்டு, ஆட்கள் உட்கார்ந்து, தண்ணீரும் வைத்தாகிவிட்டது. பரிமாற ஆள் இல்லை. ஒரே நாளில் ஊரெல்லாம் கல்யாணம் என்பதால் பாதிப் பையன்கள் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டார்களாம். இருந்த சிலர் வரிசையின் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போக முடியாமல் ஒரு குழந்தை இலையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"என்னால இத்தப் பாத்துக்கினு உக்கார முடியாது" என்று பெருநகர்த் தோழி எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல் நாங்களும் பின்னால் போனோம்.

போனதும் ஊர் நினைப்பில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினேன். முதல் இலையில் இருந்தவர் கையை இலைமேல் குறுக்கே வைத்துத் தடுத்தார். வரிசை முழுவதும் சிரிப்பு. முதலில் பப்பு வர வேண்டுமாம். கெட்டிப் பருப்பு, நெய், ஆவக்காய். அதன் பிறகு கறி வகைகள். குழம்பெல்லாம் அப்புறம்தான். வாளியை வைத்துவிட்டுப் பருப்பை எடுத்தேன். வரிசையில் முன்னே போகிறவள் சோறு, பின்னால் வருகிறவள் பருப்பு, அவள் பின்னால் நெய் என்று பிரித்துக்கொண்டோம். இது எங்களுக்குக் கைவந்த வேலை. அந்தப் பந்தி எழுந்து, அடுத்த பந்தி உட்கார்ந்து எழுவதற்குள் சமையல்காரர் எங்களைப் பார்த்துத்தான் என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் ஒரு பெரியம்மாள் எங்களைக் கூப்பிட்டார். கல்யாணப் பெண்ணின் அத்தை. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். தோழி தன் காஞ்சிபுரத் தெலுங்கில் நடந்ததைச் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் எங்கள் கல்லூரி அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். முகூர்த்தம் ராத்திரியில்தானாம். ராத்திரிப் பந்திக்கும் நின்றால் கூலி தருவதாகச் சொன்னார்.

நான் தோழியிடம் சொல்லச் சொன்னேன்: கூலி வேண்டாம். அறை வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். சாவி இப்போதே எங்கள் கையில் வர வேண்டும். அதன் பிறகுதான் ராத்திரிப் பந்தி.

இதைத் தெலுங்கில் சொல்ல அவள் கொஞ்சம் தயங்கினாள். சொன்னாள். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மேலே போய், மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் இருவர் பிடித்து வைத்திருந்த அறையிலிருந்து அவர்களைக் கிளப்பிவிட்டு, சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தலையணையோடு மண்டபத்துக்கு இறங்கிப் போனார்கள். அதோடு எங்கள் மூவர் தலையிலும் ஆளுக்கு ஒரு பந்து மல்லிகைப் பூவை வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

குளித்து உடை மாற்றிக்கொண்டு, பொழுது சாயும் முன்னே வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அறையைக் காட்டினேன். தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது கீழே மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் தொடங்கியது. அம்மாவின் முகம் மாறியதைத் திரையில் பார்த்தேன்.

"இன்னாடி மேளம்? தலையில இன்னா அவ்ளோ பூவு? ஆடி மாசத்துல எவன்டி கல்யாணம் பண்ணுவான்? உண்மைய சொல்லு, யாருக்குக் கல்யாணம்?"

அம்மா எதற்கு இப்படிப் பதறுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. பெருநகர்த் தோழிக்குத்தான் முதலில் புரிந்தது. போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, பயப்படாத. உம் பொண்ணு மத்தியானத்துலர்ந்து சாம்பார் வாளி தூக்கிக்கினு கீறா. இவள எவன் கட்டுவான்?"

அதற்குள் நைனா போனை வாங்கிவிட்டார். பக்கத்து மண்டபத்தில் ஏதோ விசேஷம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தனியாக ஐதராபாத்தில் இருக்கப் போகிறேன் என்று கேட்பவள், இங்கே நடந்ததையே மறைத்தால் அங்கே நடப்பதை அவர் எப்படி நம்புவார்? ரத்தான அறை, சந்திர மாதம், சாம்பார் வாளி, அத்தை, சாவி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு நைனா கேட்டார்:

"சாவி யாருகிட்ட கீது?"

"எங்கிட்டதான் நைனா."

"அந்தப் பொண்ணுங்க ரெண்டும் சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டோம்."

பிறகு அவர் சொன்னார்: "சரி, அந்தம்மாகிட்ட நாலு வார்த்த தெலுங்கு கத்துக்கினு வா. ஐதராபாத்துல வோணும்."

அன்று ராத்திரிப் பந்தியில் பருப்பை முதலில் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியதும் மேனேஜரே எங்களுக்கு அறையை எழுதிக் கொடுத்தார். அரக்கு மலையும் பார்த்துவிட்டு, சொன்ன நாளில் ஊர் திரும்பினோம்.

இப்போது ஐதராபாத்தில் முதுகலை முதலாண்டு. இங்கேயும் வார இறுதிகளில் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன், விடுமுறைக்கு மலிவு டிக்கெட்டும் தேடுகிறேன். ஒரு ஊருக்குக் கிளம்பும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் அங்கே இது என்ன மாதம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியும் கணக்கு எங்காவது தவறலாம். தவறினாலும் பயமில்லை, எந்த ஊரிலும் பசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பந்தி இருக்கும், எனக்குப் பரிமாறத் தெரியும்.