வெள்ளை விடத் தெரியாத மாஸ்டர்

என் அக்கா புருஷன் வாட்டர்கலரில் படம் வரைகிறவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தவர் அவரேதான். இருபத்தாறு வருடம் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடங்களுக்கு வண்ணம் பூசினார். நல்ல தண்ணீருக்கு நீலம், சாக்கடைக்குப் பழுப்பு. எங்காவது வெள்ளையாக விட்டால், "என்னய்யா, பாதியில நிக்குது?" என்று மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் அவர் கையை விட்டுப் போகவில்லை.

வானம் மட்டும் அவருக்கு நன்றாக வரும். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்த ஒரு வானத்தை வைத்துக்கொண்டு, நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் மாடியில் வகுப்பு ஆரம்பித்தார்.

"வாட்டர்கலர்ல வெள்ளை பெயின்ட்டுக்கு வேலையே இல்ல. பேப்பரோட வெள்ளைதான் வெளிச்சம். அத மூடிட்டா திரும்ப வராது" என்று முதல் நாளே முழங்குவார். எல்லாம் ஊருக்கு உபதேசம். அடுத்த நிமிடமே, "சின்னதா ஒரு ஃபினிஷிங்" என்று யாருடைய தூரிகையையாவது பிடுங்கிக்கொள்வார். ஏழு பேர் வரைந்தாலும் ஏழிலும் அதே படகு, அதே இரண்டு பறவை. பின்பக்கம் பெயர் எழுதியிருக்காவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். ஐந்து வாரமாக ஒரே படம்.

"அம்மா போய்ட்டாங்கண்ணே. நல்லதா ஒரு போட்டோகூட இல்ல. எப்பவும் ஜன்னலோரமாதான் உக்காந்திருப்பாங்க. அதத்தான் வரையுறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். ஜன்னல், திரை, நாற்காலி எல்லாம் போட்டுவிட்டு, வெயிலில் கரைந்தாற்போல் அம்மா இருக்கும் இடத்தை மட்டும் வெறும் தாளாக விட்டிருந்தாள். அதற்கு நானே சட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்குச் சட்டத்துக்கு அளவெடுக்க மாடி ஏறினேன். அவள் தண்ணீர் மாற்றப் போயிருந்தாள். மாஸ்டர் அவள் இடத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளையில் பழுப்பு மெத்தை ஒன்று போட்டு, அதன்மேல் ஒரு பூனையையும் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், என்ன பண்றீங்க!"

"பாதியில விட்டிருக்காப்பா."

அவள் வந்தாள். பார்த்தாள்.

"அது எங்க அம்மா, சார்."

அவசரமாக ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்தார். தாள் நைந்து திரிதிரியாக உருண்டதுதான் மிச்சம். பூனை போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன்.

அவள் அழவில்லை. தன் தூரிகையைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"எல்லாம் நீங்களே செஞ்சிட்டீங்க. கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க, சார்."

மாஸ்டர் தூரிகையை வாங்கிக்கொண்டு, "எந்த மூலையிலம்மா?" என்று கேட்டார்.