புதுச்சத்திரத்தில் நின்ற புல்லட்

திலகவதிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். புல்லட் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மூக்கு வெளுக்கவே இல்லை.

நாற்பத்தொன்பது வயதில், கடலூரில் அரசாங்க வேலை பார்க்கும் ஒருத்தி, சிதம்பரம் உத்திராபதியிடமிருந்து வலது காலில் கியர் போடும் பழைய புல்லட்டை வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியை ஓட்டித் தெருவையே அதிரவைத்தவள் அவள். கட்டிக்கொண்ட சடையப்பன், "உனக்கு எதுக்கும்மா வம்பு, பஸ்ல போ" என்று சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் பயம். அந்தப் பயத்தை மீறித்தான் வண்டி வந்தது.

வந்த வண்டி ஒழுங்காக ஓடினால்தானே! வாசலிலிருந்து கம்பீரமாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இருமிக்கொண்டு நின்றுவிடும். செம்மண்டலத்தில் நின்றது, ஆல்பேட்டையில் நின்றது. உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியது. யாராவது வந்து, "பெட்ரோல் இருக்குதா?" என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்து மூடுவார்கள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். வேடிக்கை பார்த்த நாலு பேர் சிரிப்பார்கள்.

மெக்கானிக் சார்லஸ் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வண்டி சூப்பரா இருக்குதுக்கா. நீங்க பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கங்களேன்" என்றார். திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து, உத்திராபதியைப் போனில் பிடித்தாள்.

"ஓடாத வண்டிய என் தலையில கட்டிட்டு நிம்மதியா சோறு எறங்குதா உனக்கு?"

சடையப்பன் மெதுவாக வாயைத் திறந்தார். "கத்தாத. ஞாயித்துக்கெழம சிதம்பரத்துக்கே ஓட்டிப் பாரு. நிக்காம போச்சுன்னா வண்டி உன்னுது. நடுவுல நின்னுச்சுன்னா அவன்கிட்டயே குடுத்துடணும்."

ஆத்திரத்தில் சரி என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சடையப்பன் வழக்கம்போலக் குளித்து, சந்தனம் உரைத்து, ஹெட்லைட்டில் ஒரு பொட்டும் டேங்க் மூடியில் ஒரு பொட்டும் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டுக் கும்பிட்டார். வண்டி வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவர் இதை விட்டதில்லை. "பாத்துப் போ" என்றார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. புதுச்சத்திரத்தில் வண்டி நின்றது.

அவளுக்கு அழுகை முட்டியது. உதவிக்கு வரவும் ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை. "சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று மூடியைத் தானே திருகித் திறந்தாள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

கை அப்படியே நின்றது. மூடியின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். நடுவில் காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. தினம் தினம் அப்பிய சந்தனம் அதன்மேல் காய்ந்து இறுகிக் கிடந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தினாள், மூடியைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். ஒரே உதையில் வண்டி உறுமியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சடையப்பன். "எங்கம்மா நின்னுச்சு? லோடு ஆட்டோ சொல்லட்டுமா?"

நின்றிருக்கும் என்றே முடிவு கட்டிய அந்தக் குரல் அவளை எரித்தது. "நிறுத்துனது நீங்கதாங்க. உங்க பொட்டு மூடித் தொளைய அடச்சுக்கிச்சு. வண்டி மூச்சு முட்டி நின்னிருக்கு."

"உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதாம்மா வச்சேன்."

"தெரியும். இருவத்தஞ்சு வருசமா எனக்கும் அதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கீங்க."

போனைப் பையில் போட்டாள். சிதம்பரம் போய், வண்டியைக் கொடுக்க அல்ல, போனில் கத்தியதற்கு உத்திராபதியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது. வலது காலால் கியரை மேலே தூக்கினாள்.