நாலு லிஃப்ட்டில் எந்த ரெண்டு

எங்கள் மாமா லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடம், நான்கு லிஃப்ட். ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிற வாரத்தில், "ரிப்போர்ட்டை இங்கிலீஷ்ல எழுதினாத்தான் பர்மனென்ட்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மாமா ஒரே ஒரு இங்கிலீஷ் சொற்றொடரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'டூ அவுட் ஆஃப் ஃபோர்'. நாலில் ரெண்டு. அதற்கப்புறம் வீட்டிலும் அதே பேச்சுதான்.

"சட்டையெல்லாம் தேய்ச்சாச்சா?" என்று அத்தை கேட்டால், தொண்டையைச் செருமி, மோவாயைத் தூக்கி, "த்ரீ அவுட் ஆஃப் ஃபைவ்" என்பார்.

"மீதி ரெண்டை உங்க இங்கிலீஷ் வந்து தேய்க்குமா?"

வியாழக்கிழமை காலை மொட்டைமாடி மோட்டார் அறையில் நான்கையும் சோதித்தார். இரண்டில் பிரேக் தேய்ந்திருந்தது. லிஃப்ட்டை நிறுத்தும் உரிமை ஆபீசுக்குத்தான் என்பது அங்கே விதி. அதனால் 'டூ அவுட் ஆஃப் ஃபோர் லிஃப்ட்ஸ் ஆர் சேஃப்' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் கீழே ஒரே கூட்டம். நான்கு கதவிலும் அதே வாக்கியம் ஒட்டியிருந்தது. முதலில் மாமாவுக்குப் பெருமை. அப்புறம்தான் பார்த்தார், ஒருவரும் ஏறவில்லை.

ஆபீஸ் கிளார்க் அம்மா ஓடி வந்தார். "எந்த ரெண்டுங்க?"

"எழுதியிருக்கேனேம்மா. டூ அவுட் ஆஃப் ஃபோர்."

"அந்த டூ எதுன்னு கேக்கறேன்."

மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மேலே இடமிருந்து எண்ணினாரா, வலமிருந்தா? காலையில் மோட்டார் அறைக்குள் பின்பக்கமாக நுழைந்திருந்தார். அங்கே இடது என்றால் இங்கே வலதா? கையைத் தூக்கிச் சுழன்று பார்த்தார். இன்னும் குழம்பியது.

"நாலையும் நிறுத்துங்கம்மா," என்றார் மெதுவாக. பதினான்கு மாடியும் படியேறினார்.

தேய்ந்தவை நடுவில் இருந்த இரண்டும். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

புது ரிப்போர்ட்டில் லிஃப்ட் எண்களை எழுதி, கீழே படமும் வரைந்து கொடுத்தார். மேனேஜர் அதை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "இன்னும் மூணு மாசம் பாப்போம்."

மாமா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

"பர்மனென்ட் ஆயிடுச்சா?" என்றாள் அத்தை.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அவுட் ஆஃப் எல்லாம் வேணாம். ஆமாவா, இல்லையா?"

மாமா செருப்பை ஓரமாகத் தள்ளினார். "அதான் எனக்கும் புரியல."