கல்லில் சிரித்த ஊர்

இது 1927 ஏப்ரலில் நடந்தது. ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. வேலூரில் பெண்கள் பள்ளியொன்றில் ஓவியம் கற்பித்த பொன்மலர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டுப் போகிற மனுஷி அவர்.

பள்ளிச் சரித்திரப் புத்தகத்துக்கு ஒரு படம் வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். திமிரியைத் தாண்டி, முட்புதருக்குள் ஒரு பாழ்மண்டபம். அங்கே சுவரில் பதித்த ஒரே பலகைக் கல்லில் செதுக்கிய பழைய சிற்பம். ராஜா ஓர் ஊரைப் பிடித்து யானைமேல் வருகிறார். தோற்ற ஊர்க்காரர்கள் பதினோரு பேர் மாலையோடு நிற்கிறார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. 'ஊரார் மகிழ்ந்து எதிர்கொண்டனர்' என்று கீழே வெட்டியிருந்தது.

தோல் மண்டிக்குப் பாரம் ஏற்றும் சத்தார் பாய்தான் வண்டி கட்டிக்கொண்டு போனார்.

ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் தட்டினால் சிற்பம் அதில் பதியும். காய்ந்ததும் உரித்து எடுக்க வேண்டும். பகல் 12.00 மணிக்குப் பொன்மலர் ஒட்டி முடித்தார்.

12.20. கொளுத்தும் வெயில். காகிதம் காய்ந்துவிட்டது. முகங்கள் இருந்த இடத்தில் மட்டும் ஈரம்.

"பாய், தண்ணி தெளிச்சீங்களா?"

"இல்லியே டீச்சரம்மா. மாட்டுக்கே தண்ணி கம்மி."

12.35. ஓர் இடத்தில் காகிதம் மெல்ல உப்பியது. உள்ளே அமுங்கியது. மறுபடி உப்பியது... பக்கத்திலும்... அதற்கடுத்தும்...

காற்றே இல்லை.

கை வைத்தார். சூடு. வெயிலின் சூடு அல்ல. வந்து வந்து போனது.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

"இன்னா சத்தம் அது?" என்றார் சத்தார் பாய். மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது.

பதினோரு இடம்.

ஒரே மூச்சு.

நின்றது...

காகிதத்தை உரித்துக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினார்.

வீட்டில் விரித்துப் பார்த்தார். யானை சரி. ராஜா சரி. மாலைகள் சரி. ஆனால் ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. பதினோரு வாயும் அகலத் திறந்திருந்தன.

அப்படியே வரைந்து அனுப்பினார். திரும்பி வந்தது.

"கல்லுல சிரிக்கிறாங்களேம்மா. ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டார் புத்தகக் கமிட்டிக்காரர்.

"நான் மாத்தல சார். மாத்தவும் மாட்டேன்."

வேறொருவர் வரைந்து கொடுத்தார். புத்தகத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி மழையில் அந்தக் கல் முன்பக்கமாகச் சாய்ந்தது. சத்தார் பாய் பள்ளி வாசலுக்கே வந்து நின்றார்.

"பின்னாடி நாலு பக்கமும் அடைச்ச ஒரு சந்து இருக்குது டீச்சரம்மா. எலும்பு கிலும்பு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். கல்லின் பின்பக்கமெல்லாம் நகக் கீறல். விரல்விரலாக, ஆழமாக. முன்னால் ஊர்க்காரர் நிற்கிற இடத்துக்கெல்லாம் பின்னால் ஒரு கொத்து. எண்ணினார்.

பன்னிரண்டு.

கடைசிக் கொத்து முழங்கால் உயரத்தில் இருந்தது. சின்னஞ்சிறு விரல்கள்.

சிற்பத்தில் குழந்தை கிடையாது.