கணினியில் இருந்தது, கடையில் இல்லை

எட்டாவதுவரை படித்த நான் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் நோயாளிகளுக்கான பொருள்கள் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். பகலில் விற்பதை நோட்டில் எழுதிவைத்து, மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவேன். கடை ஆன்லைனில் விற்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காலை, படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கான காற்று மெத்தையான 'ஏர் பெட்'டில் கடைசியாக இருந்த ஒன்றை மத்திகிரிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். கணினி அது இன்னும் இருப்பதாகவே காட்டியதால், மதியம் நாகரசம்பட்டிக்காரர் ஒருவர் அதையே ஆன்லைனில் வாங்கிவிட்டார். பதறிப்போய் அவரை அழைத்தேன்.

"நாளைக்கு அம்மாவ ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வர்றோங்க. முதுகெல்லாம் புண்ணு. அத நம்பித்தான் இருக்கோம்" என்றார்.

பக்கத்துக் கடைகளிலும் இல்லை. புதுச் சரக்கு வர நான்கு நாளாகும். கூச்சத்தை விட்டு மத்திகிரிக்காரருக்குப் போன் செய்து என் தவற்றைச் சொன்னேன்.

"எங்கப்பா அடுத்த வாரந்தான் வீட்டுக்கு வர்றாரு. கவரே பிரிக்கல, ஆள அனுப்புங்க. நீங்க நோட்டுல எழுதுனா கம்ப்யூட்டருக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சிரித்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கணினியில் கழித்த பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்கிறேன்.

அன்று போன் செய்த மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஏர் பெட் நாகரசம்பட்டி போய்ச் சேர்ந்தது.