விழாவுக்கு இடைஞ்சலான சைக்கிள்

அவனியாபுரத்திலிருந்து தல்லாகுளத்துக்கு ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் என்று மாறி மாறி வந்தால் ஒரு மணி நேரம். ஐரினுக்குச் சைக்கிளில் முக்கால் மணி போதும். பதினாறு வருடமாக அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர்; பதினாறு வருடமும் அதே பச்சை லேடீஸ் சைக்கிள்தான். ஆற்றுப் பாலத்தில் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரனைத் திரும்பி ஒரு முறை முறைப்பாள், ஒதுங்க மாட்டாள். "ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டதும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை அலுவலகத்தில் சைக்கிள் விழா. வாரம் ஒரு நாள் எல்லோரும் சைக்கிளில் வரவேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. வந்தார்கள், வழக்கம்போல பைக்கிலும் காரிலும். இருபது புதுச் சைக்கிள்கள் வாடகைக்கு மினி லாரியில் வந்து இறங்கின. அதிகாரி ஜெயராம் காரிலிருந்து இறங்கி, தொப்பி மாட்டிக்கொண்டு, கேட்டிலிருந்து வாசற்படி வரை ஓட்டினார். முப்பது அடி இருந்தால் அதிகம். போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

மத்தியானம் சைக்கிளில் மாட்டியிருந்த டிபன் பையை எடுக்க ஐரின் போனபோது ஸ்டாண்டில் சைக்கிளே இல்லை. வாட்ச்மேன் வெள்ளைத்துரை தலையைச் சொறிந்தார்.

"காலையில விழாவுக்கு எடஞ்சலா இருக்குன்னு ஆபீசரு, ஒடஞ்ச பீரோவோட சேத்து காயலான் கடை வண்டில ஏத்தச் சொல்லிட்டாரு மேடம். ஐரின் மேடம் வண்டி சார்னு சொன்னேன். கவர்மெண்டு வேலை பாக்குற பொம்பள இதுலயா வருவான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"நா என்னத்தச் சொல்ல? கடைக்குப் போன் போட்டேன். ஒடச்சு எடை போட்டாச்சாம்."

ஐரினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"என் வண்டிய எப்பிடி சார் எடைக்குப் போடலாம்? நாளைக்கு நா எதுல வர்றது?"

ஜெயராம் செல்போனில் தன் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் துருப்பிடிச்சதுக்கா இம்புட்டுக் கோவம்? ஒரு ஸ்கூட்டி வாங்குங்கம்மா. சரி, விழா பத்தி பேப்பருக்கு ஒரு செய்தி அடிச்சிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

ஐரின் போய் உட்கார்ந்து அடித்தாள். திரும்பி வந்து காகிதத்தை நீட்டினாள். அந்த அலுவலகத்தில் எந்த அதிகாரியும் அவள் நீட்டியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது கிடையாது, ஜெயராமும் படிக்காமலே போட்டார்.

"இன்றைய விழாவுக்கு உண்மையில் சைக்கிளில் வந்தவர் ஒரே ஓர் ஊழியர். விழாவுக்கு இடைஞ்சல் என்று அவருடைய சைக்கிளை நான் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டேன்" என்றிருந்தது. கீழே அவர் பெயர், பதவி, கையெழுத்து.

எல்லாப் பத்திரிகைகளுக்கும் அதை அனுப்பிவிட்டு, ஐரின் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.