கணவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரயில் நிலையம்

எண்பதுகளின் நடுவில் ஒரு பால்மாவுக் கம்பெனியின் குலுக்கலில் எனக்கு ஐரோப்பாப் பயணம் விழுந்தது. மலேசியாவில் எங்கள் ஊரான சபாக்கில் ஒரு கடையில் கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டது எனக்கே மறந்துபோயிருந்தது. என் கணவர் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு இரண்டு பேருக்கு என்பதால் அவரும் கிளம்பினார். அதுவரை நாங்கள் போயிருந்த தூரமான ஊர் பினாங்கு.

நான்காம் நாள், எங்களை அழைத்து வந்த கம்பெனி ஆளுக்குக் காய்ச்சல். ஹோட்டல் கட்டிலில் படுத்தபடியே இரண்டு டிக்கெட்டுகளை நீட்டினார். "கடைசி ஸ்டேசன்ல எறங்குங்க. மலை நல்லா தெரியும். நாலு மணி ரயில்ல திரும்பிடுங்க லா" என்றார்.

ரயில் மலைகளைக் குடைந்துகொண்டு போய் ஒரு சின்ன ஊரில் நின்றது. கூரைகளுக்கு நேர் மேலே பனிமலை. அந்த ஊரோடு நாடு முடிகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ரயில் நிலையக் கூடத்தின் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து நாடு. இந்தப் பக்கத்துக் கழிப்பறை பூட்டியிருந்தது. என் கணவருக்கோ அவசரம். தடுப்பருகே இருந்த மேசையில் ஆள் இல்லை. குனிந்து நுழைந்து அந்தப் பக்கத்துக் கழிப்பறைக்குப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது மேசையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். "பாஸ்போர்ட்" என்றார்.

என் கணவருக்கு அந்நியரைக் கண்டால் மலாய்தான் வாயில் வரும். "துவான், சானா சாயா புஞ்ஞா பினி" என்று என்னைக் காட்டினார். ஐயா, அங்கே நிற்பது என் பெண்சாதி என்கிறார். அதிகாரி என் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலையசைத்தார்.

இரண்டு பாஸ்போர்ட்டுகளும் என் கைப்பையில் இருந்தன. அவருடையதை எடுத்து நீட்டினேன். அதிகாரி வாங்கவில்லை. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், பொறுமையாக விளக்கினார். பாஸ்போர்ட்டை அதற்கு உரியவர்தான் கொண்டுவந்து காட்ட வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் அவர் இந்தப் பக்கம் வரக்கூடாது. அவர் இல்லாமல் பாஸ்போர்ட் அந்தப் பக்கம் போகக்கூடாது. நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம், ஆனால் என் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது, திரும்பி வர முடியாது என்றார்.

பிறகு அந்த நாட்டு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து என் கணவரை மேலும் கீழும் பார்த்து, இந்த ஆள் எங்கள் நாட்டுக்குள் நுழைந்ததாகப் பதிவே இல்லை, ஆகவே இவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் என்னா, பர்மிட் இல்லாத லோரியா?" என்றார் என் கணவர்.

"பேசாம ஒக்காருங்க. அவங்கள கோவப்படுத்தாதீங்க" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்தார். பசி நேரம். பன்னும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்திருந்தேன். கொடுக்கலாமா என்று கேட்டதற்கு அதிகாரி ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். பன் போகலாம், ஊறுகாய் போகக்கூடாது. வெறும் பன்னை மென்றபடி அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பாதுகாக்கும் ஜன்னல்காரி. அந்த ஜன்னல் ரயில்வேயுடையது, இரண்டு நாட்டுக்கும் பொது. தவறிப்போன பொருளை உடையவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், பாஸ்போர்ட் தேவையில்லை. ஒரு தாளை என்னிடம் தள்ளினாள். பொருள்: கணவர். நிறம்: கறுப்பு. எடை கேட்டிருந்தது, அறுபத்தைந்து கிலோ என்று எழுதினேன். சேதம் ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முத்திரை குத்தி, தடுப்பைத் தூக்கி வழிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கேட்டது, "எடை எவ்ளோ போட்ட?"

"அறுபத்தஞ்சு."

"எழுபத்திரண்டு, பிள்ள" என்றார், வருத்தமாக.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஊரின் ஒரே கடைத்தெருவில் நடந்தோம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் வெளியில் என் கையைப் பிடித்திராத மனிதர், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைக்காரர்கள் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.